ஆபரேஷன் முடிந்தவர் தூங்குகிறாரா, மருந்தில் அமிழ்கிறாரா? வார்டு நர்ஸுக்கு எந்த அளவுகோல் உதவும்?

புதுச்சேரியில் நர்சிங் படித்துவிட்டு கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து மருத்துவமனைகளில் சர்ஜிக்கல் வார்டு பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவத்தில் வருகிறது. "காலேஜில் ரேம்சே ஸ்கேல் படித்தோம். ஐசியுவில் ராஸ் எழுதச் சொன்னார்கள். வார்டு சார்ட்டில் ஏவிபியு கட்டம்தான் இருக்கிறது. இப்போது வந்திருக்கும் அனஸ்தீசியா டாக்டர் பசேரோ ஸ்கேல் போடுங்கள் என்கிறார். நாங்கள் எதை எழுதுவது?" இவை எல்லாமே நோயாளி எந்த அளவுக்கு விழிப்பாக இருக்கிறார், எந்த அளவுக்கு மயங்கியிருக்கிறார் என்று குறிக்கும் அளவுகோல்கள். சின்ன நர்சிங் ஹோமில் இருப்பவர்கள் கேட்பது வேறு: "ஆளுக்கொரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிவிட்டால் போதாதா சிஸ்டர்?"

மார்ஃபின், ஃபென்டனில், ட்ரமடால், பென்டசோசின் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகள் எல்லாமே வலியைக் குறைக்கும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகும். இவற்றோடு தூக்கம் தரும் ப்ரோமெத்தசின் ஊசியோ மிடாசோலமோ சேர்ந்தால் ஆபத்து கூடும். பென்டசோசினையும் ப்ரோமெத்தசினையும் ஒன்றாகப் போடும் வழக்கம் இன்னும் பல வார்டுகளில் உண்டு. அந்த இரண்டு ஊசிகளுக்குப் பிறகு நோயாளி அசந்து கிடப்பதைப் பார்த்துச் சொந்தக்காரர்களுக்கு நிம்மதி வரும், நமக்கோ அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண சர்ஜிக்கல் வார்டுக்குப் பசேரோ ஸ்கேல்தான் சரி. ஆனால் எல்லா இடத்துக்கும் அது சரி வராது. அதனால்தான் மற்றவற்றையும் எடை போட வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி: இயல்பான தூக்கத்தையும் மருந்தினால் வரும் மயக்கத்தையும் அது பிரித்துக் காட்டுகிறதா? இரவு இரண்டு மணிக்கு வார்டில் எல்லோரும்தான் கண் மூடியிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே எண் வந்தால் அந்த எண்ணால் பயன் இல்லை.

இரண்டாவது: மூச்சு குறைவதற்கு முன்பே எச்சரிக்கிறதா? ஓபியாய்டு மருந்துகளில் பெரும்பாலும் மயக்கம் முதலில் ஆழமாகும், மூச்சு அதன் பிறகே தளரும். அமெரிக்காவில் ஆபரேஷனுக்குப் பின் ஓபியாய்டால் மூச்சு ஒடுங்கி வழக்குக்குப் போன 92 சம்பவங்களை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. 88 சதவீதம் ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் நடந்தவை. 62 சதவீதம் பேர் அதற்கு முன்பே அளவுக்கு மீறித் தூக்கத்தில் இருந்ததாகப் பதிவு இருந்தது. யாரோ ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார், ஆனால் அது ஆபத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. 42 சதவீதத்தில், நர்ஸ் கடைசியாகப் பார்த்துப் போன இரண்டு மணி நேரத்துக்குள்தான் நோயாளி மோசமான நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். நாலு மணிக்கொரு முறை டிபிஆர் (காய்ச்சல், நாடி, மூச்சு) எடுக்கும் வழக்கம் இதற்கு எந்த அளவுக்குப் போதும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்: எழுதிய எண், அடுத்த ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று சொல்கிறதா? சார்ட்டில் எண்ணை மட்டும் நிரப்பிவிட்டு மணி ஆனதும் அடுத்த டோஸையும் போட்டால், அந்த எண் நோயாளிக்கு எதுவும் செய்யவில்லை.

நான்காவது: நைட் டியூட்டியில் ஒரே ஆளாக வார்டு முழுவதையும் பார்க்கும் பெண்ணால் அதைச் செய்ய முடியுமா?

## ஏவிபியு, ஜிசிஎஸ்

ஏற்கெனவே சார்ட்டில் அச்சாகி இருப்பவை என்பதால் எல்லோரும் முதலில் கை வைப்பது இவற்றில்தான். விழிப்பு, குரலுக்கு அசைவு, வலிக்கு அசைவு, எதற்கும் அசைவில்லை என்று ஏவிபியு நாலே படி. ஜிசிஎஸ் என்ற கிளாஸ்கோ கோமா ஸ்கேல் 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு டாக்டர்கள் தலைக்காயத்தை அளக்க உருவாக்கியது.

மருந்து மயக்கத்துக்கு இவை மிக மந்தம். கூப்பிட்டால் கண் திறக்கிறார், பெயர் சொல்கிறார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார். ஜிசிஎஸ் 14 அல்லது 15. நீங்கள் பேனாவை எடுப்பதற்குள் மறுபடி தலை சாய்ந்துவிடுகிறது. மயக்கத்தின் ஆபத்தான முதல் கட்டமே அந்தத் தலை சாய்வதுதான். ஜிசிஎஸ்ஸில் அதற்கு இடமே இல்லை. ஏவிபியுவிலும் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவருக்கும் இவருக்கும் ஒரே எழுத்துதான்.

ஆனால் ஒரு நோயாளிக்கு இவற்றை விடக் கூடாது. ஈசிஆரில் பைக்கிலிருந்து விழுந்து, தொடை எலும்புக்குப் பிளேட் வைத்து, தலையிலும் அடிபட்டு வந்தவர். அவருக்கு ஜிசிஎஸ்ஸும் கண்மணியும் கட்டாயம். ஓபியாய்டு கண்மணியைச் சுருக்கிவிடும். அதனால் மருந்துக்கு முன் எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால் பின்னால் பார்ப்பவருக்குக் குழப்பம்தான்.

## ரேம்சே

1974-இல் ஐசியு நோயாளிகளுக்காக வந்தது, ஆறு படி. பதற்றமாக இருப்பவர் 1, அமைதியாக ஒத்துழைப்பவர் 2, சொன்னால் மட்டும் கேட்பவர் 3. அதற்கு மேல் நெற்றியில் லேசாகத் தட்டியோ உரக்கக் கூப்பிட்டோ பார்த்து 4, 5, 6. ஸ்கோப் செய்யும் அறையில், சின்ன சிகிச்சைக்கு மிடாசோலம் கொடுத்துப் படுக்க வைத்தவருக்கு இது சுலபம். வார்டுக்கு வந்தால் 2-க்கும் 3-க்கும் இடையில்தான் நமக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது, அங்கே இதற்குக் கண் இல்லை. பாடப்புத்தகத்தில் முதலில் வருகிறது என்பதற்காக வார்டில் இதை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## ராஸ்

அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் உருவாகி 2002-இல் வெளியானது. பிளஸ் 4-இலிருந்து மைனஸ் 5 வரை பத்துப் படி. சுழி என்றால் அமைதியான விழிப்பு. மைனஸ் 1, மைனஸ் 2 இரண்டுக்கும் வித்தியாசம் அழகாக வகுக்கப்பட்டிருக்கிறது: குரல் கொடுத்தால் பத்து விநாடிக்கு மேல் கண்ணைப் பார்க்கிறாரா, அதற்குள் மூடிவிடுகிறாரா. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, சொட்டு சொட்டாக மயக்க மருந்து ஓடுபவருக்கு இதை விட்டால் வேறு வேண்டாம்.

இதன் பெரிய பலம் பிளஸ் பக்கம். நம் கடலூர், புதுச்சேரி வார்டுகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர் குடல் ஆபரேஷனுக்கு வந்து படுக்கிறார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ குடி நின்றதால் கை நடுங்கும், வியர்க்கும், ஐவியைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டால் அவர் மயக்கத்தின் அடுத்த முனைக்குப் போய்விடலாம். பதற்றத்தையும் பல படிகளாகப் பிரித்து வைத்திருப்பது ராஸ்தான். அதனால் அட்மிஷனிலேயே குடிப்பழக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் எதிரில் கேட்டால் "எப்பவாவது தான் சிஸ்டர்" என்பார். தனியாக, குறை சொல்லும் தொனி இல்லாமல் கேட்டால் உண்மை வரும்.

வார்டுக்கு ராஸில் இருக்கும் குறை, எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவது. மைனஸ் 1 என்றால் அடுத்த டோஸ் போடலாமா? ஐசியுவில் பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார், அவர் முடிவு செய்வார். இரவு வார்டில் அந்தக் கேள்வி நர்ஸின் கையிலேயே நிற்கும். கற்றுக்கொள்ளும் நேரமும் செலவுதான். பழகாதவர்கள் மைனஸையும் பிளஸையும் மாற்றி எழுதிவிடும் அபாயம் உண்டு.

## பசேரோ ஸ்கேல்

கிறிஸ் பசேரோ என்ற அமெரிக்க நர்ஸ் 1990-களில் உருவாக்கியது, ஓபியாய்டு வாங்கும் நோயாளிக்காகவே. ஐந்தே நிலை.

எஸ் என்றால் தூக்கம், எழுப்பினால் சுலபமாக எழுகிறார். 1 என்றால் நல்ல விழிப்பு. 2 என்றால் லேசான அசதி, கூப்பிட்டால் உடனே விழிக்கிறார். இந்த மூன்றிலும் மருந்தைத் தொடரலாம், வலி இருந்தால் கூட்டவும் கேட்கலாம். 3 என்றால் அடிக்கடி கண் சொக்குகிறது, எழுப்பினால் எழுகிறார், ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறார். இது ஏற்கத்தகாத நிலை. டாக்டருக்குச் சொல்லி ஓபியாய்டு அளவை கால் முதல் அரைப் பங்கு குறைக்க வேண்டும், பாராசிட்டமால் போன்ற தூக்கம் தராத வலிமருந்தைக் கேட்க வேண்டும், நிலை 3-க்குக் கீழே வரும்வரை மூச்சை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். 4 என்றால் குரலுக்கும் தொடுதலுக்கும் பதில் இல்லை அல்லது மிகக் குறைவு. ஓபியாய்டை நிறுத்தி, ஆட்களை அழைத்து, மூச்சைக் காப்பாற்றி, ஓபியாய்டை முறிக்கும் நலோக்ஸோனை யோசிக்க வேண்டிய நேரம்.

என் மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இது ஒன்றுதான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் செய்ய வேண்டியது எழுதியிருக்கிறது. 2009-இல் ராஸ், இன்னொரு மருத்துவமனை ஸ்கேல், இது என மூன்றையும் நர்ஸ்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது சரியான எண், சரியான முடிவு, நர்ஸின் தன்னம்பிக்கை ஆகியவற்றில் இது முன்னால் நின்றது.

2-ஐயும் 3-ஐயும் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். "வலி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ம்" என்ற ஒற்றை ஒலியிலிருந்து எதுவும் தெரியாது. நீளமான பதில் வரும் கேள்வியைக் கேளுங்கள். "எந்த ஊர்ங்கய்யா? இங்க எந்த பஸ்ல வந்தீங்க? வீட்ல யார் யார் இருக்காங்க?" 2-இல் இருப்பவர் "பண்ருட்டிக்குப் பக்கம்மா, பையன் கார்ல கூட்டிட்டு வந்தான்" என்று முடிப்பார். 3-இல் இருப்பவர் "பண்ருட்டிக்கு..." என்று ஆரம்பித்து வாக்கியத்தின் நடுவிலேயே அமிழ்ந்துவிடுவார். காது மந்தமான முதியவர் என்றால் எதிரில் நின்று, கையைத் தொட்டுக் கேளுங்கள். கேட்காததை மயக்கம் என்று எழுதிவிடக் கூடாது.

இதற்கும் மறைந்த செலவுகள் உண்டு. முதலாவது, நோயாளியை எழுப்ப வேண்டியிருப்பது. இப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பப் போனால் பக்கத்தில் பாய் விரித்திருக்கும் அம்மா கையைப் பிடிப்பார்: "ராத்திரி பூரா தூங்கல, கொஞ்சம் விடுங்க சிஸ்டர்." அந்த அம்மாவின் பரிவுக்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். "தூங்கட்டும்மா. ஆனா கொறட்டை சத்தம் விட்டு விட்டு வந்தா, மூச்சு இழுக்க இடைவெளி விட்டா, கூப்பிட்டும் எந்திரிக்கலன்னா உடனே என்ன கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்தால் வார்டில் உங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கிறது. குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாக நம் வீடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். மருந்து வாங்கியவருக்குப் புதிதாக வரும் குறட்டை, மூச்சுப்பாதை பாதி அடைபடுகிறது என்பதன் அடையாளம்.

இரண்டாவது செலவு பெரியது. 3 என்று எழுதி மருந்தை நிறுத்தி வைக்க நர்ஸுக்கு அதிகாரம் வேண்டும். எழுத்தில் அப்படி ஓர் உத்தரவு இல்லாவிட்டால், நள்ளிரவில் டாக்டரை எழுப்பத் தயங்கி, எண்ணை 2 ஆக்கிவிடும் சபலம் வரும். ஸ்கேலை அச்சடித்து ஒட்டுவதற்கு முன் அந்த உத்தரவை வாங்குங்கள்.

மூன்றாவது, இது ஓபியாய்டுக்கு மட்டும். வென்டிலேட்டர் நோயாளிக்கோ, மிடாசோலத்தில் வேண்டுமென்றே தூங்க வைத்திருப்பவருக்கோ இதைப் போட்டால் தப்பான எச்சரிக்கைதான் வரும்.

## மெஷின் மட்டும் போதுமா?

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விலை இறங்கிவிட்டது, சின்ன நர்சிங் ஹோமிலும் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் வெறும் காற்றை மூச்சு வாங்குபவருக்கு அது நல்ல காவல். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடுபவருக்கும் திரையில் 98 நிற்கும். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அது கீழே இறங்கிக் காட்டும் நேரத்தில் நோயாளி வெகு தூரம் போயிருப்பார். அதனால் 'சாச்சுரேஷன் நார்மல்' என்ற வரிக்குப் பக்கத்தில் எத்தனை லிட்டர் ஆக்சிஜனில் என்று எழுதாத சார்ட்டை நான் நம்புவதில்லை. விரலில் அடர்ந்த மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்து போன கை, நடுக்கம் எல்லாம் அளவைக் கெடுக்கும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டும் வாய்ப்பும் உண்டு.

கேப்னோகிராஃபி மூச்சையே அளப்பது, வெளிவிடும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வைத்து. 2020-இல் வெளியான ப்ராடிஜி ஆய்வில் ஓபியாய்டு வாங்கிய வார்டு நோயாளிகளுக்கு இதையும் ஆக்ஸிமீட்டரையும் தொடர்ந்து மாட்டிவைத்தபோது, 46 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது மூச்சு ஒடுங்கியது தெரிந்தது. வயது அறுபதும் அதற்கு மேலும், ஆண், இதற்கு முன் ஓபியாய்டு வாங்காதவர், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர், நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர் ஆகியோர் அதிக ஆபத்தில் இருந்தார்கள். நல்ல கருவி. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக்குழாய் வேண்டும், நோயாளி அதைப் பிடுங்குவார், அலாரம் ஓயாமல் கத்தும். கத்திக்கொண்டே இருக்கும் அலாரத்தை அணைத்து வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு மெஷின் இருந்தால் அது யாருக்கு என்று மேலே சொன்ன பட்டியலை வைத்து முடிவு செய்து, அவர் கட்டிலை நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் போடுங்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இரண்டு புயல்கள் நம் கரையிலேயே வந்து இறங்கின. மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்தால், டார்ச் வெளிச்சத்தில் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணும் கைதான் மிச்சம். கடற்கரை மாவட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை.

## ஒரே பார்வையில்

| எது | எங்கே சிறந்தது | எதைத் தவறவிடும் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| ஏவிபியு, ஜிசிஎஸ் | தலைக்காயம், மூளை ஆபரேஷன் | ஆரம்ப மயக்கம் | பொய்யான நிம்மதி |
| ரேம்சே | சின்ன சிகிச்சைக்கான மயக்கம் | அசதியின் நுண்ணிய படிகள் | நெற்றியில் தட்டி எழுப்புவது |
| ராஸ் | ஐசியு, குடி நிறுத்தப் பதற்றம் | அடுத்த டோஸ் பற்றிய முடிவு | பயிற்சி நேரம் |
| பசேரோ | ஓபியாய்டு வாங்கும் வார்டு நோயாளி | பதற்றம், வேறு மயக்க மருந்து | எழுப்புவது, எழுத்து உத்தரவு |
| ஆக்ஸிமீட்டர் | ஆக்சிஜன் இல்லாதவர் | ஆக்சிஜனில் இருப்பவரின் மூச்சுக் குறைவு | தப்பு அளவுகள் |
| கேப்னோகிராஃபி | அதிக ஆபத்துள்ள ஒருவர் | மயக்கத்தின் ஆழம் | குழாய், அலாரம் |

## எதை எடுத்தாலும் விடக் கூடாதவை

வரிசை முக்கியம். பிபி கஃப்பைச் சுற்றினாலே நோயாளி விழித்துக்கொள்வார், மூச்சும் வேகமாகிவிடும். ஆகவே தொடுவதற்கு முன், கட்டிலின் கால்மாட்டில் நின்று ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒழுங்கற்ற மூச்சு பிடிபடாது. எண்ணிக்கையோடு ஆழமும் இடைவெளியும் பாருங்கள். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அதன் பிறகுதான் கஃப்.

நேரத்தையும் ஊசியை வைத்துக் கணக்கிடுங்கள். நரம்பு வழி மார்ஃபின் போட்டால் பதினைந்து, இருபது நிமிடத்தில் ஒருமுறை. தசையில் போட்டால் அரை மணி முதல் ஒரு மணிக்குள். மாத்திரை என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில். மருந்து உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் பார்க்காமல் ரவுண்ட் நேரத்தில் பார்ப்பது பாதி வேலைதான். சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் மார்ஃபின் வைத்த தாய்மார்கள் தனி. அவர்களுக்கு மூச்சு பல மணி நேரம் கழித்தும் ஒடுங்கலாம், 24 மணி நேரக் காவல் வேண்டும். அமெரிக்க அனஸ்தீசியா சங்க வழிகாட்டல் முதல் 12 மணி நேரம் மணிக்கொரு முறை, அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறை என்கிறது. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் எல்லோரும் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தங்கி மயக்கத்தை நீட்டும். நேற்று 2, இன்று காலை 2, மதியம் 3 என்று மெல்ல ஏறுவதை ஒரே சார்ட்டில் பார்த்தால்தான் புரியும். ரெக்கவரியில் ஒரு ஸ்கேல், ஐசியுவில் ஒன்று, வார்டில் ஒன்று என்று இருப்பதால் வரும் கேடும் இங்கேதான். மூன்றையும் ஒன்றாக்க முடியாவிட்டாலும், நோயாளியை ஒப்படைக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் கட்டில் அருகே நின்று, வாங்கும் இடத்தின் ஸ்கேலில் சேர்ந்து ஒருமுறை மதிப்பிட்டு எழுதலாம். இரண்டு நிமிட வேலை.

நலோக்ஸோன் 0.4 மில்லிகிராம் ஆம்பியூல் டிராலியில் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள். மூச்சு மட்டும் குறைந்திருப்பவருக்கு டாக்டர் சொல்படி பத்து மில்லியாகக் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுப்பது வழக்கம். முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் வலி மொத்தமாகத் திரும்பும், ரத்த அழுத்தம் எகிறும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அவரை விட்டு நகராதீர்கள். நலோக்ஸோன் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தேய்ந்துவிடும், மார்ஃபின் அப்போதும் உள்ளே இருக்கும். ட்ரமடாலுக்கு இது முழுமையாக வேலை செய்யாது, வலிப்பு வரும் வாய்ப்பும் உண்டு.

உங்கள் வார்டில் மாற்றத்தை ஆரம்பிக்க நினைத்தால், முதல் வேலையாக அனஸ்தீசியா டாக்டரிடமும் சர்ஜனிடமும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "பசேரோ 3 என்றால் அடுத்த ஓபியாய்டு டோஸை நிறுத்தி வைத்து எனக்குத் தெரிவிக்கவும், எந்த நேரமானாலும்." அந்த வரி அச்சடித்த சார்ட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது. அதோடு ஆக்சிஜன் லிட்டர் எழுத ஒரு கட்டம், மூச்சு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், கடைசி ஊசியின் நேரத்துக்கு ஒரு கட்டம். இந்த நாலும் ஒரே வரிசையில் இருக்கும்படி சார்ட்டை மாற்றி அச்சடிக்கக் கேளுங்கள்.